எல்கேஜியில் நாலு கோடு நோட்டு, வீட்டில் ஊட்டிவிடும் பாட்டி: மூன்றரை வயதுக்கு எதுதான் முக்கியம்?

கோவைத்தூறல்

எல்லோருக்கும் வணக்கம். பையனுக்கு மூன்றரை வயது. ஜூனில் எல்கேஜி சேர்த்தோம். பள்ளியின் வாசலில் ‘விளையாட்டு வழிக் கல்வி’ என்று பெரிய பலகை இருக்கிறது. உள்ளே என்னவென்றால், தினமும் டைரியில் ஒரு பக்கம் ஸ்டாண்டிங் லைன், ஒரு பக்கம் ஸ்லீப்பிங் லைன். இப்போது ஆங்கில ‘ஏ’யிலிருந்து ‘இ’ வரை தலா ஒரு பக்கம். எழுத உட்காரவைத்தால் நாலாவது வரியிலேயே பென்சிலைத் தூக்கி எறிகிறான். டீச்சரிடம் கேட்டால், “மற்ற பிள்ளைகள் எழுதுகிறார்களே மேம்” என்கிறார்.

இன்னொரு பக்கம், அவனாகச் சாப்பிட மாட்டான். நானும் கணவரும் வேலைக்குப் போகிறவர்கள், மாமியார்தான் பார்த்துக்கொள்கிறார். போனில் பாட்டுப் போட்டு ஊட்டிவிட்டால் பத்து நிமிடத்தில் வேலை முடிந்துவிடும், அவர் அப்படித்தான் செய்கிறார். ஜட்டிகூட நாங்கள்தான் போட்டுவிடுகிறோம். பள்ளியில் பாத்ரூம் போக வேண்டும் என்று சொல்லக் கூச்சப்பட்டு நனைத்துக்கொண்டு வருகிறான்.

எழுதுவதற்கு இப்போதே பழக்க வேண்டுமா, இல்லை பள்ளியை மாற்றிவிடலாமா? தெருமுனையில் பால்வாடி இருக்கிறது. அங்கே விட்டால் என்ன என்று நான் கேட்டதற்கு வீட்டில் பெரிய சண்டை.

மாங்கனிநகர்

சகோதரி, கொஞ்சம் எதிராகப் பேசுகிறேன், தப்பாக நினைக்க வேண்டாம். விளையாட்டு விளையாட்டு என்று எல்லோரும் சொல்வார்கள். பிறகு யூகேஜியில் மற்ற பிள்ளைகள் மூன்றெழுத்துச் சொல் எழுதும்போது நம் பிள்ளை முழித்துக்கொண்டு நிற்கும். அந்த வெட்கம் பிள்ளைக்குத்தான். வேறு பள்ளியில் ஒன்றாம் வகுப்புக்குப் போனால் அங்கேயும் எழுதச் சொல்லிப் பார்க்கிறார்கள். என் மகளை நாங்கள் தினம் அரை மணி நேரம் உட்காரவைத்தோம், இப்போது கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறது. விளையாட்டுக்குத்தான் மாலை முழுக்க இருக்கிறதே.

விரல்நுனி

நான் குழந்தைகளுக்கான ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், அதாவது எழுதுவது, உடுத்துவது போன்ற அன்றாட வேலைகளுக்குப் பிள்ளைகளைப் பழக்குபவள். ‘எழுத மாட்டேன் என்கிறான்’ என்று என்னிடம் வரும் எல்கேஜி பிள்ளைகளில் பெரும்பாலானவர்களுக்கு எந்தக் குறையும் இருப்பதில்லை. கைதான் இன்னும் தயாராகவில்லை.

பொதுவாக மூன்று வயதை ஒட்டி ஒரு குழந்தை வட்டத்தைப் பார்த்து வரையும். கூட்டல் குறி வருவதற்கு நாலு வயது ஆகும். சதுரம் அதற்கும் பிறகு, முக்கோணம் ஐந்து வாக்கில். சாய்கோடு எல்லாவற்றிலும் கடினம். இப்போது ‘ஏ’ எழுத்தைப் பாருங்கள்: இரண்டு சாய்கோடு, நடுவில் ஒரு கட்டை. மூன்றரை வயதுப் பிள்ளையிடம் அதைத்தான் முதல் எழுத்தாக ஒரு பக்கம் கேட்கிறோம். தமிழ் ‘அ’வும் லேசு இல்லை, அதில் சுழியும் வளைவும் இருக்கின்றன. அந்த வயதில் மணிக்கட்டின் சிறு எலும்புகளில் பாதிக்கு மேல் இன்னும் குருத்தெலும்பாகவே இருக்கும். அவை எலும்பாக இறுகிவர ஆண்டுகள் பிடிக்கும்.

அப்புறம், எழுதுவது விரலில் தொடங்குவதில்லை. தோள் நிலையாக நிற்க வேண்டும், அதற்குப் பிறகு முழங்கை, மணிக்கட்டு, கடைசியில்தான் விரல். தோளுக்குப் பயிற்சி நோட்டில் கிடைக்காது. கம்பியில் தொங்குவது, ஏறுவது, யானை மாதிரி நாலு காலில் நடப்பது, வாளியில் தண்ணீர் தூக்குவது, இதில்தான் கிடைக்கும். விரலுக்குப் பட்டாணி உரிக்கலாம், கீரை ஆயலாம், சப்பாத்தி மாவை உருட்டலாம், துணிக் கிளிப்பை அழுத்தி மாட்டலாம். சுவரில் தண்ணீரும் பெயின்ட் பிரஷும் கொடுத்து ‘வெள்ளையடிக்க’ விடுங்கள். செங்குத்தான பரப்பில் வேலை செய்யும்போது மணிக்கட்டு தானாகப் பின்னால் மடங்கும், எழுதும்போது வேண்டிய நிலை அதுதான். கிரையான் புதிதாக நீளமாக வேண்டாம். உடைந்த துண்டைக் கொடுங்கள். முழுக் கையாலும் பிடிக்க இடமில்லாததால் மூன்று விரலால் பிடித்தே ஆக வேண்டும்.

மாங்கனிநகர் சார், உங்கள் மகளுக்கு உடம்பு தயாராக இருந்திருக்கிறது, அவளால் முடிந்தது, சந்தோஷம். தயாராகாத பிள்ளையை அதே அரை மணி நேரம் உட்காரவைத்தால் பென்சிலைத் தவறாகப் பிடித்தே பழகிவிடும். ஆறு வயதில் அதை மாற்ற நாங்கள் படும் பாடு எங்களுக்குத்தான் தெரியும்.

டெல்டா_டீச்சரக்கா

பால்வாடி என்றதும் வந்தேன். நான் அங்கன்வாடிப் பணியாளர், இந்த வேலையில் பல வருடம் ஆகிறது.

முதலில் பால்வாடி என்றால் சோறு போடும் இடம் என்ற எண்ணத்தை விடுங்கள். சத்துணவும் முட்டையும் உண்டுதான், அதில் எந்தக் கேவலமும் இல்லை. ஆனால் 1975இல் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் தொடங்கியபோதே முன்பருவக் கல்வி அதன் ஒரு பாகம். எங்களுக்கு ‘ஆடிப்பாடி விளையாடு பாப்பா’ என்று பாடத்திட்டமே இருக்கிறது. நம் வீடு, காய்கறி, வாகனம் என்று தலைப்பு வைத்து ஆட்டம், பாட்டு, கதை, கைவேலை. நோட்டுப் புத்தகம் கட்டாயம் இல்லை.

எங்களிடம் இரண்டரை வயதும் ஐந்து வயதும் ஒரே அறையில் இருக்கும். பெரிய பிள்ளை கை கழுவுவதைப் பார்த்துச் சின்னது கழுவும். சாப்பிடும்போது எல்லோரும் வட்டமாக உட்காருவார்கள், ஊட்டிவிட எனக்கும் உதவியாளருக்கும் கை போதாது. வீட்டில் பாட்டி ஊட்டினால் மட்டும் தின்னும் பிள்ளைகள் சில நாளிலேயே தட்டை வழித்துத் தின்னும். நாங்கள் ஒரு வித்தையும் செய்வதில்லை, பக்கத்துப் பிள்ளை தின்கிறதே, அவ்வளவுதான்.

உள்ளதையும் சொல்லிவிடுகிறேன். எல்லா மையமும் ஒன்றுபோல் இருக்காது. எடை எடுப்பது, உயரம் அளப்பது, செல்போன் செயலியில் ஏற்றுவது, கர்ப்பிணிகளைப் பார்க்கப் போவது, அதற்கு மேல் கணக்கெடுப்பு வேலை என்று வந்துவிட்டால் அன்றைக்கு ஆட்டமும் பாட்டும் போய்விடும். உதவியாளர் இல்லாத மையமாக இருந்தால் இன்னும் கஷ்டம். எனவே நேரில் போய்ப் பாருங்கள். காலை பத்தரை மணி வாக்கில் சொல்லாமல் போங்கள்.

கோவைத்தூறல்

விரல்நுனி, நீங்கள் எழுதியதை அப்படியே கணவருக்கு அனுப்பிவிட்டேன். டீச்சரக்கா, நன்றி. ஆனால் ஒன்று கேட்கிறேன்: விளையாட்டில் என்னதான் கற்றுக்கொள்கிறான்? அவன் விளையாட்டெல்லாம் பஸ் விளையாட்டுதான். நாற்காலியை வரிசையாகப் போட்டு, எங்களை உட்காரவைத்து, பழைய பேப்பரைக் கிழித்து டிக்கெட் கொடுப்பான். “சில்லறை இல்லையா, இறங்கும்போது வாங்கிக்க” என்பான். சிரிப்பாக இருக்கும், ஆனால் மணிக்கணக்கில் அதே விளையாட்டு.

அடையாறு_ஆலமரம்

அந்த பஸ்ஸில் நானும் ஏறலாமா? :)

அந்த விளையாட்டைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். கண்டக்டர் என்றால் எல்லோரும் ஏறும்வரை விசில் அடிக்கக் கூடாது. ஓட்டுநர் சீட்டில் உட்கார ஆசையாக இருந்தாலும் உட்காரக் கூடாது. ஒரு ஆளுக்கு ஒரு டிக்கெட். உட்கார் என்று நீங்கள் சொன்னால் இரண்டு நிமிடம் உட்காராத பிள்ளை, கண்டக்டராக இருக்கும்போது எவ்வளவு நேரம் காத்திருக்கிறான்! ரஷ்ய உளவியலாளர் லெவ் விகோட்ஸ்கி 1930களில் சொன்னது இதைத்தான். பாவனை விளையாட்டில் விதி இருக்கிறது, அந்த விதிக்குக் குழந்தை தானே விரும்பிக் கட்டுப்படுகிறது. வேறு எங்கேயும் அந்த வயதில் அவ்வளவு கட்டுப்பாடு வராது. எண்ணுவது, ஒன்றுக்கு ஒன்று பொருத்துவது, பெரியவர்கள் பேச்சைக் கேட்டு அந்த இடத்துக்குத் தகுந்தபடி பேசுவது, எல்லாம் அதற்குள்ளேயே இருக்கின்றன. நீங்கள் செய்ய வேண்டியது பயணியாக இருப்பது மட்டும். “இது என்ன கலர் டிக்கெட்? எத்தனை டிக்கெட்?” என்று நடுவில் பரீட்சை வைக்காதீர்கள், விளையாட்டு அங்கேயே செத்துப்போகும்.

நான் மாண்டிசோரி பயிற்சி எடுத்தவள், அதனால் என் பக்கத்துச் சங்கடத்தையும் சொல்ல வேண்டும். மரியா மாண்டிசோரி பாவனை விளையாட்டுக்குப் பெரிய ஆதரவாளர் இல்லை. அவர் குழந்தையின் செயலை ‘வேலை’ என்றே சொன்னார். பொம்மைத் தேநீர்க் கோப்பையைவிட நிஜக் கோப்பையில் நிஜத் தண்ணீர் ஊற்றுவது குழந்தைக்குப் பிடிக்கும் என்பது அவர் கட்சி. பாவனை விஷயத்தில் நான் அவரோடு ஒத்துப்போகவில்லை, ஆனால் ‘நானே செய்வேன்’ விஷயத்தில் அவரை மிஞ்ச ஆளில்லை. 1907இல் ரோமின் ஏழைக் குடியிருப்பில் ‘குழந்தைகள் இல்லம்’ என்ற தன் முதல் பள்ளியைத் தொடங்கினார். 1939இல் நம் சென்னை அடையாறுக்குப் பிரம்ம ஞான சபையின் அழைப்பில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்க வந்தார். இரண்டாம் உலகப் போர் மூண்டது, அவர் பிறந்த இத்தாலி இந்தியாவை ஆண்ட பிரிட்டனுக்கு எதிரி நாடானது, திரும்பிப் போக முடியவில்லை. சென்னையும் கொடைக்கானலுமாகப் போர் முடியும்வரை இங்கேதான் இருந்தார். அப்படிப்பட்ட ஊரில் இன்று தெருவுக்கு ஒரு ‘மாண்டிசோரி’ பலகை. அந்தப் பெயரை யார் வேண்டுமானாலும் எழுதி வைத்துக்கொள்ளலாம், பலகையை நம்பிப் பணம் கட்டாதீர்கள்.

உள்ளே போனால் நான் முதலில் பார்ப்பது அலமாரியை. விளையாட்டுச் சாமான் பிள்ளையின் கைக்கு எட்டும் உயரத்தில் இருக்கிறதா, இல்லை விருந்தினர் பார்க்கக் கண்ணாடிக்குப் பின்னால் பூட்டிக் கிடக்கிறதா? பிறகு சுவர். முப்பது பிள்ளைகள் செய்த முப்பது மயிலும் ஒரே மாதிரி இருந்தால் அதைச் செய்தது டீச்சர். அப்புறம் கழிப்பறை. பிள்ளை தானாக ஏறி உட்கார முடிகிற உயரமா, குழாய் எட்டுகிறதா? உங்கள் பையன் நனைத்துக்கொண்டு வருவதில் பாதிக் காரணம் அங்கேயே இருக்கலாம்.

மாங்கனிநகர்

பஸ் விளையாட்டு விளக்கம் நன்றாக இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் என் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. ஒன்றாம் வகுப்பில் என்ன ஆகும்? நாட்டில் சட்டதிட்டம் ஏதாவது இருக்கிறதா, இல்லை இதெல்லாம் நம் ஆசை மட்டும்தானா?

டெல்டா_டீச்சரக்கா

இருக்கிறது சார். 2022 அக்டோபரில் வந்த அடித்தள நிலைக்கான தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பு என்ற மத்திய அரசின் பாடத்திட்ட வழிகாட்டி, மூன்றிலிருந்து ஆறு வயதுவரை பிள்ளைகளுக்கென்று பாடப்புத்தகமே வைக்கக் கூடாது என்கிறது. அதற்கும் முன்னால், 2018இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி கிருபாகரன் கொடுத்த தீர்ப்பில், சிபிஎஸ்இ பள்ளிகளில் ஒன்று, இரண்டாம் வகுப்புகளுக்கே வீட்டுப்பாடம் கொடுக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள். இரண்டாம் வகுப்புக்கே கூடாது என்றால் எல்கேஜிக்கு?

நம் அரசுப் பள்ளிகளில் 2022இலிருந்து ஒன்று முதல் மூன்று வரை ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் நடக்கிறது. அதில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பார்த்துச் சொல்லித் தருகிறார்கள். எழுத்தே தெரியாமல் வரும் பிள்ளைக்கும் அங்கே இடம் இருக்கிறது. எழுதப் படிக்கத் தெரிந்த பிள்ளையைத்தான் ஒன்றாம் வகுப்பில் எடுப்போம் என்பது சில தனியார் பள்ளிகள் தாங்களாக வைத்துக்கொண்ட வழக்கம்.

மாங்கனிநகர்

அந்தச் ‘சில தனியார் பள்ளிகள்’தான் எங்கள் ஊரில் எல்லாப் பள்ளிகளும். கல்வி உரிமைச் சட்டத்தின் 13ஆம் பிரிவு, சேர்க்கைக்குப் பிள்ளைக்கோ பெற்றோருக்கோ தேர்வு வைக்கக் கூடாது என்கிறது, அது எனக்கும் தெரியும். ஆனால் அந்தச் சட்டத்தில் ‘குழந்தை’ என்றால் ஆறு முதல் பதினான்கு வயது. எல்கேஜி வாசலில் போய் அந்தப் பிரிவைக் காட்டினால் சிரிப்பார்கள். காகிதத்தில் எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது.

வடமராட்சி_முன்பள்ளி

வணக்கம். நான் யாழ்ப்பாணப் பக்கம் முன்பள்ளி ஆசிரியை. உங்கட கதையைப் பார்க்க எங்கட கதை போலவே இருக்கு.

இங்கே விஜயதசமிக்கு ஏடு தொடக்குவோம். பச்சையரிசியில் பிள்ளையின் விரலைப் பிடித்து ‘அ’ எழுதுவிப்போம். அழகான வழக்கம், எனக்கு அதில் குறை இல்லை. பிரச்சினை அடுத்த நாள் வரும். ஏடு தொடக்கியாச்சு, இனி கொப்பியில் எழுத்து எங்கே என்று பெற்றார் வந்து நிற்பினம். நாங்கள் மண்ணில் விளையாட விட்டால், “சம்பளம் வாங்கிக்கொண்டு பிள்ளையைப் புழுதியில் விட்டிருக்கிறியள்” என்ற பேச்சு. பக்கத்து முன்பள்ளியில் கொப்பி நிறைஞ்சிருந்தால் பிள்ளையை அங்கே மாத்திப் போடுவினம். எல்லாம் ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சையை மனசில் வைத்துக்கொண்டு மூன்று வயதில் தொடங்குகிற ஓட்டம். பள்ளிக்கூடத்தை மட்டும் குறை சொல்லாதையுங்கோ, கேட்கிறவை நாங்கள்தானே.

நான் இப்ப ஒன்று செய்கிறேன். மாதம் ஒருநாள் தாய்மாரை உள்ளே கூப்பிட்டுப் பிள்ளைகளோடு இருந்து விளையாடச் சொல்லுறன். கடை விளையாட்டில் தராசு பிடித்துப் பார்த்த அம்மாமார் பிறகு கொப்பி கேட்கிறது குறைவு. அப்பாமார் இன்னும் வரேல்லை.

பழைய_வாத்தியார்

இழையை முழுக்கப் படித்தேன். ஒரு தாத்தாவாக இரண்டு வார்த்தை.

திண்ணைப் பள்ளிக்கூடக் காலத்திலும் முதலில் மணலில் விரலால்தான் எழுதினார்கள், அதற்கப்புறம்தான் ஓலையும் எழுத்தாணியும். விரல்நுனி அம்மா சொல்வது அதோடு ஒத்துப்போகிறது. ஆனால் பழைய காலத்தை ரொம்பத் தூக்கிவைக்கவும் வேண்டாம், அங்கே பிள்ளையைக் கயிற்றில் தொங்கவிடும் கோதண்டமும் பிரம்பும் இருந்தன.

எங்கள் பிள்ளைகள் காலத்தில் சொப்புச் சாமான், குலை குலையா முந்திரிக்கா, நொண்டி எல்லாம் தெருவிலேயே நடந்தது. எந்தப் பெரியவரும் சொல்லிக்கொடுக்கவில்லை. எட்டு வயது அக்கா மூன்று வயதுத் தம்பியை ‘ஒப்புக்குச் சப்பாணி’யாகச் சேர்த்துக்கொள்வாள். தோற்றாலும் அவன் அவுட் இல்லை, ஆட்டம் மட்டும் பழகிக்கொள்வான். அடுக்குமாடியின் மூன்றாவது தளத்தில் ஒற்றைப் பிள்ளைக்கு அது எங்கே கிடைக்கும்? அதனால்தான் பள்ளிக்குள் விளையாட்டைத் தேடுகிறோம். சாயங்காலம் கீழே இறக்கிவிட்டு, செல்போனை மேலே வைத்துவிட்டு வாருங்கள். முதல் சில நாள் உங்கள் சேலையைப் பிடித்துக்கொண்டே நிற்பான். நிற்கட்டும்.

மாமியார் விஷயம். அம்மா, ‘ஊட்டாதே’ என்று அவரிடம் சொன்னால் அவருக்கு மனது கஷ்டப்படும். ஊட்டுவது அவர் பாசம். அதை நிறுத்தச் சொல்லாமல், கடைசி நாலு கவளத்தைப் பிசைந்து தட்டில் வைத்து, “இதை நீ பாட்டிக்கு ஊட்டு, அப்புறம் நீ சாப்பிடு” என்று மாற்றச் சொல்லுங்கள். என் வீட்டில் இது நடந்தது. சட்டையெல்லாம் ரசம்தான், ஆனால் நடந்தது.

விரல்நுனி

வாத்தியார் ஐயா, நீங்கள் சொன்னதற்கு எங்கள் துறையில் ஒரு முறையே இருக்கிறது: கடைசிப் படியை முதலில் பிள்ளைக்குக் கொடுப்பது. ஜட்டி போடுவதை எடுத்துக்கொள்வோம். முழங்கால்வரை நீங்கள் ஏற்றிவிடுங்கள், இடுப்புக்கு இழுப்பது அவன் வேலை. அது கைவந்ததும் கணுக்கால்வரை மட்டும் நீங்கள். பிறகு காலை நுழைப்பதும் அவனே. எந்த நாளிலும் வேலையை முடித்தவன் அவன் என்பதால் ‘நானே போட்டேன்’ என்ற பெருமை அவனுக்குத்தான். முதல் படியிலிருந்து தொடங்கினால் காலை நுழைக்கத் தெரியாமல் அழுது, கடைசியில் நீங்கள் போட்டுவிடுவதில் முடியும்.

உடுப்பையும் பாருங்கள். பள்ளிச் சீருடைக் கால்சட்டையில் ஜிப்பும் கொக்கியும் இருந்தால், நனைத்துக்கொண்டு வருவதற்குக் கூச்சம் மட்டும் காரணம் இல்லை. அவிழ்க்க முடியாது என்று அவனுக்கே தெரியும், அதனால் கேட்பதில்லை. தையற்காரரிடம் கொடுத்து இடுப்பில் எலாஸ்டிக் வைத்துவிடுங்கள். பெரிய பட்டன் நாலு வயது வாக்கில் வரும், ஷூ லேஸ் முடிச்சுக்கு இன்னும் இரண்டு மூன்று வருடம் இருக்கிறது, அதற்கு அவசரமே வேண்டாம்.

இவ்வளவுக்கும் காலையில் கூடுதலாக இருபது நிமிடம் வேண்டும். அது இல்லாத வீட்டில் ‘தானே செய்யட்டும்’ என்று நான் சொல்வது வெறும் பேச்சு. வார நாளில் ஒரே ஒரு வேலை மட்டும் அவனுடையது என்று வையுங்கள், மற்றதை ஞாயிற்றுக்கிழமைக்கு விடுங்கள்.

ஒரு எச்சரிக்கையும்: புளியங்கொட்டை, மணி, காசு வைத்து விளையாடினால் பக்கத்திலேயே இருங்கள். மூக்கிலும் காதிலும் போட்டுக்கொண்டு வருவது சாதாரணமாக நடக்கிறது. பல்லாங்குழிக்குக் குன்றிமணி மட்டும் வேண்டவே வேண்டாம். பார்க்க அழகு, ஆனால் கடித்து மென்றால் கொடிய விஷம்.

மாங்கனிநகர்

கடைசிப் படி யோசனை நல்லது. என் இரண்டாவது பையனுக்கு இரண்டே முக்கால் வயது, சட்டையில் தொடங்கிப் பார்க்கிறேன். எழுத்து விஷயத்தில் என் கருத்து இன்னும் முழுதாக மாறவில்லை. நாலரை, ஐந்து வயதில் தினம் பத்து நிமிடம் எழுதினால் தப்பில்லை என்றுதான் நினைக்கிறேன்.

அடையாறு_ஆலமரம்

ஐந்து வயதில் அவனுக்கே ஆசை வந்தால் பத்து நிமிடம் தப்பே இல்லை சார். அந்த வயதில் பிள்ளைகள் தாங்களாகவே பெயர் எழுதக் கேட்கும். நாம் பேசிக்கொண்டிருந்தது மூன்றரை வயதைப் பற்றி.

கோவைத்தூறல்

எல்லோருக்கும் நன்றி. நேற்று பள்ளிக்குப் போய்ப் பேசினேன். வீட்டுப்பாடத்தை நிறுத்த மாட்டார்களாம், மற்ற பெற்றோர் கேட்கிறார்களாம் (வடமராட்சி டீச்சர் சொன்ன அதே கதை). ஆனால் பக்கத்துக்குப் பதில் ஒரு வரி எழுதினால் போதும், மீதியில் நான் கையெழுத்துப் போட்டு அனுப்பலாம் என்று வகுப்பு டீச்சர் தனியாகச் சொன்னார். அவருக்கும் இதில் இஷ்டம் இல்லை போலிருக்கிறது. பாத்ரூமுக்குத் தானே ஒரு முறை கூட்டிப்போய்க் காட்டுவதாகவும் சொன்னார். கால்சட்டை தையற்காரரிடம் போய்விட்டது.

பால்வாடிக்கும் காலை பத்தரைக்குப் போனேன். பிள்ளைகள் வாசலில் வட்டமாக நின்று ‘பூ பறிக்க வருகிறோம்’ விளையாடிக்கொண்டிருந்தார்கள், என்னை யாரும் கவனிக்கவே இல்லை. இந்த வருடக் கட்டணம் கட்டியாகிவிட்டது, எனவே ஏப்ரல்வரை இங்கேயே. அதற்குப் பிறகு மாற்றுவதைப் பற்றிக் கணவர் இப்போது ‘பார்க்கலாம்’ என்கிறார், போன வாரம் ‘முடியவே முடியாது’ என்றவர்.

மாமியார் மட்டும் ‘எனக்கு நீ ஊட்டு’ யோசனையை உடனே பிடித்துக்கொண்டார். இப்போது புதுப் பிரச்சினை: பள்ளியில் டிபன் பாக்ஸைத் திறக்க முடியவில்லை என்று அப்படியே கொண்டுவருகிறான். நாலு பக்கமும் கிளிப் உள்ள டப்பா. மூன்றரை வயதுக் கைக்கு எந்த மாதிரி டப்பா சரியாக வரும்?

டெல்டா_டீச்சரக்கா

கிளிப் டப்பா வேண்டாம், திருகு மூடியும் வேண்டாம். மேலே சும்மா வைத்து அழுத்தும் எவர்சில்வர் சம்படம் வாங்குங்கள், மூடி கொஞ்சம் தளர்வாக இருக்கட்டும். குழம்பு, ரசம் வைக்காதீர்கள். இட்லி, சப்பாத்திச் சுருள், கொழுக்கட்டை மாதிரி கையால் எடுத்துத் தின்பதாக இருக்கட்டும். வாங்கிய அன்றே பள்ளிக்குக் கொடுத்துவிடாமல் வீட்டில் அதிலேயே வைத்துக் கொடுத்துப் பாருங்கள். கண்டக்டருக்குச் சாப்பாட்டு நேரம் என்று சொல்லிக் கொடுத்தால் திறந்துவிடுவான்.